முதல் கிற்றாரும் அதன் முதல் மூன்று ஃப்ரெட்டுகளும்

கிற்றார் பழகத் தொடங்கும் ஒருவர் முதற் சில மாதங்களைக் கழுத்தின் மேல் முனையில், முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள்ளேயே (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கழிக்கிறார். சி, டி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் ஆகிய தொடக்கக் கோர்டுகள் (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் பிடிகள்) எல்லாம் அந்தச் சிறிய இடத்தில்தான் பிடிக்கப்படுகின்றன. பழகுநர் பலரும் அஞ்சும் எஃப் கோர்டும் முதல் ஃப்ரெட்டிலேயே இருக்கிறது. ஆகவே முதல் கிற்றாரைத் தெரிவு செய்பவர், வேறெதையும் பார்ப்பதற்கு முன், அந்த இடத்தில் தந்திகள் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைகளிலோ பேச்சு பெரும்பாலும் மரத்தின் வகை, நிறம், தயாரிப்பாளரின் பெயர், இலவசமாகக் கிடைக்கும் பை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அண்மையில் என் பெறாமகளுக்காகக் கொழும்பில் ஒரு கிற்றாரைத் தேடி வாங்கி, அதை அவளுடைய விரலுக்கு ஏற்றபடி வீட்டிலேயே சீர்செய்து கொடுத்தேன். அந்த வேலையை, அளவுகளோடும் காரணங்களோடும், இங்கே பதிந்து வைக்கிறேன்.

அவளுக்கு 13 வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். வீட்டில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் காலத்துப் பொப்பிசைப் பாடல்களைத் தகப்பன் பாடக் கேட்டு வளர்ந்தவள். பாடிக்கொண்டே தந்திகளை மீட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. தோழி ஒருத்தியின் கிற்றாரை இரவல் வாங்கிப் பழகத் தொடங்கியபோது விரல் நுனிகளில் பள்ளம் விழுந்ததே தவிர ஒரு கோர்டும் தெளிவாக ஒலிக்கவில்லை. கை பலமில்லாத பிள்ளை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நான் அந்தக் கிற்றாரை வாங்கிப் பார்த்தபோது, முதல் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்துவதற்குப் பழகிய என் விரலுக்கே மிகுந்த பலம் தேவைப்பட்டது. பிள்ளையின் கையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது நைலோன் தந்தியா, உருக்குத் தந்தியா என்பது. பழகுநருக்கு நைலோன் தந்திதான் ஏற்றது என்று பலரும் பொதுவாகச் சொல்வார்கள். விரலுக்கு அது மென்மையானது என்பது உண்மை. ஆறு நைலோன் தந்திகளின் மொத்த இழுவை ஏறத்தாழ 40 கிலோகிராம் என்றால், வழமையான உருக்குத் தந்திகளின் இழுவை ஏறத்தாழ 70 கிலோகிராம். ஆனால் நைலோன் தந்தி பூட்டும் கிளாசிக்கல் கிற்றாரின் கழுத்து, மேல் முனையில் 52 மில்லிமீற்றர் அகலமானது. உருக்குத் தந்திக் கிற்றாரில் அந்த அகலம் பெரும்பாலும் 43 மில்லிமீற்றர்தான். சிறிய கையால் அகன்ற கழுத்தைச் சுற்றிப் பிடித்து மிகத் தடித்த ஆறாம் தந்தியை எட்டுவது, மெல்லிய தந்தியால் கிடைத்த ஆறுதலைப் பெருமளவுக்குப் பறித்துவிடும். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி விரலால் மீட்டும் வாசிப்புக்கு அந்த அகலம் தேவை. பாட்டுக்குத் துணையாகக் கோர்டு வாசிப்பவருக்கு அது தேவையில்லை. எனவே உருக்குத் தந்தி என்று முடிவு செய்து, அதன் இழுவையைக் குறைக்கும் வழியைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துக்கொண்டோம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நைலோன் கிற்றாரில் சத்தம் போதவில்லை என்று உருக்குத் தந்தியைப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இழுவையைத் தாங்க அதன் உட்சட்டங்கள் வடிவமைக்கப்படவில்லை. தந்திகளின் அடிமுனையைத் தாங்கி மேற்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ், மேற்பலகையோடு பிய்ந்து வரக்கூடும்.

மின்சாரக் கிற்றாரையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அதன் தந்திகள் இன்னும் மெல்லியவை, உயரமும் குறைவு, விரலுக்கு எல்லாவற்றிலும் இலகுவானது. ஒலிபெருக்கி வேண்டும் என்பதும் பாடகர் குழுவில் அதற்கு இடமில்லை என்பதுமே அவளுக்கு அது பொருந்தாமைக்குக் காரணம்.

அடுத்தது உடலின் அளவு. கடைகளில் கண்ணில் முதலில் படும் அகன்ற உடலுடைய வடிவம் ட்ரெட்நோட் எனப்படுவது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916ஆம் ஆண்டில் டிட்சன் என்னும் இசைக்கருவி விற்பனை நிறுவனத்துக்காக முதன்முதலில் செய்த பெரிய கிற்றாரிலிருந்து வந்தது. கனமான கீழ்ச்சுரம் தரும் நல்ல வடிவம்தான். ஆனால் 13 வயதுப் பிள்ளை அதை மடியில் வைத்தால் வலது தோள் மேலே தூக்கிக்கொள்கிறது, அந்தத் தூக்கலைச் சமப்படுத்த முதுகு வளைகிறது, இடது கை மணிக்கட்டு மடங்குகிறது. இடுப்பு ஒடுங்கி ஆழமும் குறைந்த கொன்செர்ட் அளவுக் கிற்றாரை மடியில் வைத்ததும் அவளுடைய தோள் தானாகவே இறங்கிவிட்டது. கருவியை மடியில் வைத்து, வலது கையை அதன் மேல் போட்டு, தோள் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. முக்கால் அளவுக் கிற்றார் இன்னும் சிறிய பிள்ளைகளுக்கானது. அவளுக்கு அது இரண்டே ஆண்டுகளில் போதாமல் போயிருக்கும்.

மரத்தைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்கள் சற்று வேறுவிதமாகச் சிந்திக்க வேண்டும். மேற்பலகை ஒரே மரத்தாலான ஒற்றைப்பலகையாக இருந்தால் ஒலி செழிப்பாக இருக்கும், காலப்போக்கில் இன்னும் கனியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கிற்றார்கள் பொதுவாக 45 முதல் 55 வீத ஈரப்பதனுள்ள தொழிற்கூடங்களில் செய்யப்படுகின்றன; கொழும்பின் காற்றிலோ ஆண்டின் பெரும்பகுதியில் 70 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் இருக்கிறது. ஒற்றைப்பலகை அந்த ஈரத்தை உறிஞ்சி நாருக்குக் குறுக்காக விரிகிறது. விரிவதற்கு வேறு வழியில்லாததால் பிரிட்ஜின் பின்புறம் வயிறு போல மேலே எழும்புகிறது. அதோடு சேர்ந்து தந்திகளும் உயர்கின்றன. ஒட்டுப்பலகையில் நடு அடுக்கின் நார் குறுக்காக ஓடுவதால் விரிவு தடுக்கப்படுகிறது. குளிரூட்டப்படாத அறையில், யன்னலைத் திறந்து வைத்து, கடற்காற்றோடு வாழும் வெள்ளவத்தை வீட்டில் ஒரு பழகுநர் வைத்திருக்கப்போகும் முதல் கிற்றாருக்கு ஒட்டுப்பலகையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எங்கும் கிடைக்கும் யமஹா எஃப்310 போன்ற தொடக்கநிலைக் கிற்றார்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. அதைக் குறையென்று கடைக்காரர் சொன்னால், இந்த ஊருக்கு அது ஒரு வசதி என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் கடைகளுக்குப் போகும்போது என் சட்டைப்பையில் மூன்று வங்கி அட்டைகளும் மடித்த ஏ4 கடதாசித் துண்டு ஒன்றும் இருந்தன. வங்கி அட்டை எந்த வங்கியினதாயினும் அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், அது சர்வதேசத் தரம். மூன்று அட்டைகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர். சுருதி சேர்த்த நிலையில், 12ஆம் ஃப்ரெட்டுக்கும் ஆறாம் தந்திக்கும் இடையில் மூன்று அட்டைகள் மெல்ல உரசிக்கொண்டு நுழைந்தால் உயரம் நன்று. நான்காவது அட்டைக்கும் தாராளமாக இடம் இருந்தால் அது அதிகம். குறைக்க முடியுமா என்று, பிரிட்ஜில் செருகியிருக்கும், தந்திகள் மேலே கிடக்கும் மெல்லிய துண்டான சாடிலைப் பார்க்க வேண்டும். கடதாசித் துண்டு முதல் ஃப்ரெட்டுக்கானது. தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் உலோகத்துக்கும் தந்திக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்க்க வேண்டும். ஏ4 கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். ஒரு தாள் நுழையும் அளவே வெளி இருந்தால் அந்தக் கிற்றார் பழகுநரின் விரலுக்கு இணங்கும். பல புதிய கிற்றார்களில் மூன்றாக மடித்த தாள் தடையின்றி உள்ளே போனது. ஒரு கடையில், "புதுக் கம்பி போட்டாச் சரியாகிடும் அண்ணா" என்றார் விற்பனையாளர். தந்தியை மாற்றினாலும், கழுத்தின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டான நட்டின் பள்ளம் இருந்த ஆழத்திலேயேதான் இருக்கும் என்பதால் அந்தக் கருவியை விட்டுவிட்டோம்.

2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பிறகு இறக்குமதியாகும் இசைக்கருவிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், பாவித்த கிற்றார்களையும் தேடினோம். வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போகும் கிற்றார்கள் கொழும்பில் எப்போதும் கிடைக்கின்றன. தெஹிவளையில் ஒரு வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. கொன்செர்ட் அளவு, ஒட்டுப்பலகை, நட்டிலிருந்து சாடில் வரை 634 மில்லிமீற்றர். தந்திகள் துருப்பிடித்து, முறுக்காணிகள் இறுகி, பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாக இல்லை. பெறாமகளின் முகம் சுருங்கியது. ஆனால் துருவும் அழுக்கும் மலிவாகத் தீரக்கூடியவை. தீராதவை எவை என்பதைத்தான் நான் தேடினேன். உடலின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஓரத்தைப் பார்த்தபோது முறுக்கல் இருக்கவில்லை. பிரிட்ஜின் பின் ஓரத்தில் கடதாசித் துண்டின் நுனி எங்கும் உள்ளே போகவில்லை. போயிருந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள். விரல் மூட்டால் மேற்பலகையையும் பின்பலகையையும் தட்டியபோது கலகலப்புக் கேட்கவில்லை, ஆகவே உட்சட்டங்கள் உறுதியாக இருந்தன. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரத்தோடு ஒத்தது. சாடில் பிரிட்ஜுக்கு மேலே நன்கு உயர்ந்து நின்றது. தேய்த்துக் குறைக்க இடம் இருந்தது. இத்தனையும் சரியாக இருந்ததால் விலையைப் பேசி முடித்து வாங்கினோம்.

வேலை தொடங்கியது தந்தி மாற்றத்தோடு. எல்லா அளவுகளையும் புதிய தந்தி பூட்டி, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று முழுச் சுருதிக்குக் கொண்டுவந்த பின்னரே எடுக்க வேண்டும், ஏனெனில் கழுத்தின் வளைவு தந்தியின் இழுவையைப் பொறுத்தது. அதுவரை அதில் இருந்தது 12 எனப்படும் அளவு, அதாவது முதல் தந்தி 0.012 அங்குலம். நான் 10 முதல் 47 வரையான மெல்லிய தொகுதியைப் பூட்டினேன். மொத்த இழுவை ஏறத்தாழ 60 கிலோகிராமுக்கு இறங்கியது. ஒலி சற்று மெலியும் என்பது உண்மை. முதல் ஆண்டில் விரல் பிழைத்திருப்பது அதைவிட முக்கியம். தந்திகளைக் கழற்றியிருந்த வேளையில் ஃப்ரெட்டுகளைத் துடைத்து, முறுக்காணிகளின் பற்களுக்குத் துளி எண்ணெய் விட்டதும் அவை இலகுவாகச் சுழன்றன.

அடுத்தது கழுத்து. முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலைச் சேரும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஆறாம் தந்தியை ஒரே நேரத்தில் அழுத்தினால், அந்தத் தந்தியே நேர்கோடாகிவிடுகிறது. நடுவில், ஏழாம் ஃப்ரெட்டில் தெரியும் வெளிதான் கழுத்தின் வளைவு. அதை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். இசைக்கருவிக் கடைகளில் தேடுவதைவிட, வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையில் கேட்பது நல்லது. இயந்திரத்தின் வால்வு இடைவெளியை அளக்க மெக்கானிக்மார் பாவிக்கும் அதே தகட்டுக் கட்டுத்தான். வெளி 0.5 மில்லிமீற்றர் இருந்தது, 0.25 அளவுக்கு வர வேண்டும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்னும் உருக்குத் தண்டு, தந்திகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்துகிறது. ஒலித்துளை வழியாக அலன் கீயை விட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் எட்டில் ஒரு சுற்று, மீண்டும் சுருதி, மீண்டும் அளவு என்று பொறுமையாகப் போனேன். திருகு இறுகி மறுத்தால் பலம் காட்டக் கூடாது. தண்டு முறிந்தால் கழுத்தையே மாற்ற வேண்டியிருக்கும். இந்தக் கிற்றாரில் அது இதமாகத் திரும்பியது.

இனி நட். இந்தப் பதிவின் முக்கிய இடமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தந்தி உயரம் என்றதும் பெரும்பாலானோர் சாடிலைத்தான் தேய்க்கிறார்கள். சாடிலை ஒரு மில்லிமீற்றர் தாழ்த்தினால் 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி அரை மில்லிமீற்றர் தாழும், ஏனெனில் அது தந்தியின் நடுப்புள்ளி. முதல் ஃப்ரெட்டோ நட்டிலிருந்து தந்தி நீளத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு தொலைவில்தான் இருக்கிறது. 634 மில்லிமீற்றர்த் தந்தியில் அது 35.6 மில்லிமீற்றர். ஆகவே சாடிலில் ஒரு மில்லிமீற்றர் குறைத்தாலும் முதல் ஃப்ரெட்டில் கிடைப்பது ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் மட்டுமே. விரலுக்கு அது தெரியாது. முதல் ஃப்ரெட்டின் நோவை நட் மட்டுமே தீர்க்கும். மேலும், உயர்ந்த நட் சுருதியையும் கெடுக்கிறது. தந்தி அதிகத் தொலைவு கீழே தள்ளப்படுவதால் இழுபட்டு, அழுத்திய சுரம் உரியதைவிட மேலே போகிறது. சுருதி சரியாகச் சேர்த்த கிற்றாரிலும் சி கோர்டு கசந்து ஒலிப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி அளந்தபோது முதல் ஃப்ரெட்டின் மேல் 0.3 மில்லிமீற்றர் வெளி இருந்தது. நட்டுக்கென்றே விற்கப்படும் அரங்கள் விலை கூடியவை. ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும், வெல்டிங் முனையின் துளையைத் துப்புரவாக்கும் சொரசொரப்பான கம்பிக் கட்டு இந்த வேலைக்குப் போதுமானது. வெவ்வேறு தடிப்புகளில் வருவதால் ஒவ்வொரு தந்திக்கும் அதைவிடச் சிறிதளவே தடித்த கம்பியைத் தெரிந்துகொள்ளலாம். தந்தியைத் தளர்த்திப் பக்கத்துக்கு ஒதுக்கி, கம்பியைப் பள்ளத்தில் வைத்து, தலைப்பக்கம் சற்றுக் கீழே சரியும் கோணத்தில் சில முறை மட்டும் இழுக்க வேண்டும். அந்தச் சரிவு இல்லாவிட்டால் தந்தி பள்ளத்தின் முன் ஓரத்தில் நிற்காமல் நடுவில் எங்கோ நின்று, சித்தாரைப் போல் ரீங்கரிக்கும். பிறகு தூசை ஊதி, தந்தியை மீண்டும் பள்ளத்தில் இருத்தி, சுருதிக்கு ஏற்றி, ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.3, 0.25, 0.2 என்று வெளி குறையக் குறைய இழுப்புகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே வந்தேன். 0.1க்கு வந்ததும், மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தியபடி முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தியைத் தட்டினால் மிக மெல்லிய ஒரு 'டிக்' ஒலி மட்டும் கேட்கும். அங்கே நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் வெறுந்தந்தி ஃப்ரெட்டில் பட்டு இரையும். அப்படி ஆழம் கூடிப்போன பள்ளத்தை அப்பச்சோடாத் தூளும் சுப்பர் குளூவும் சேர்த்து நிரப்பி மறுபடி அராவலாம். இங்கே அதற்குத் தேவை ஏற்படவில்லை.

எல்லாத் தந்திகளும் முடிந்ததும் சாடிலைத் தொடுவதற்கு முன்பே அவளிடம் கொடுத்தேன். முதலில் ஏ மைனர், பிறகு சி, பிறகு தயங்கித் தயங்கி எஃப். "சித்தப்பா, எல்லாக் கம்பியும் கேக்குது!" என்றாள். விரலின் கீழே தந்தி பள்ளம் வெட்டாமல் சற்றே அமுங்குவதை நகத்தின் நிறத்திலேயே பார்க்க முடிந்தது. முன்பு அழுத்தும்போது நகம் முழுவதும் வெளுத்துவிடும், இப்போது நுனி மட்டுமே வெளுத்தது.

கழுத்தும் நட்டும் சீரானதாலேயே 12ஆம் ஃப்ரெட்டில் உயரம் சற்றுக் குறைந்திருந்தது. ஆறாம் தந்தி 3.1, முதல் தந்தி 2.4 மில்லிமீற்றர். வேண்டியவை 2.5, 2.0. குறைக்க வேண்டியதன் இரு மடங்கைச் சாடிலில் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு பக்கம் 1.2, மறு பக்கம் 0.8 என்று பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் துண்டொன்றின் மேல் ஒட்டிய சாண்ட்பேப்பரில் சாடிலின் அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். அடி சமதளமாக இருப்பது அவசியம். சற்று உருண்டாலும் சாடில் பள்ளத்தில் முழுமையாகப் பதியாது, ஒலி மங்கும். மேற்பக்கத்தைத் தேய்க்கவில்லை, ஏனெனில் சுரச்சுத்தத்துக்காகத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் வளைவுகள் அங்கேதான் இருக்கின்றன. கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்தி, பூட்டி, அளந்து, மிச்சத்தை மெல்லிய தாளால் முடித்தேன்.

பராமரிப்பில் இரண்டு விடயங்களை மட்டும் அவளிடம் வற்புறுத்தியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். கடலுக்கு அருகில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து உருக்கை வெகு விரைவில் அரித்துவிடும், துருவேறிய தந்தி விரலையும் அரிக்கும். மற்றது, கிற்றாரை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒருபோதும் விட்டுவரக் கூடாது, அந்தச் சூட்டில் பிரிட்ஜின் பசை இளகும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன்; மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும்.

சாடில் வேலை முடிந்து சில நாள்களில் கழுத்து தன் புதிய நிலைக்குப் பழகியிருக்கும் என்பதால் மீண்டும் அளந்தேன். வளைவு 0.25, ஆறாம் தந்தி 2.5, முதல் தந்தி 2.0 மில்லிமீற்றர் என்று எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. நான்காம் தந்தியின் பள்ளம் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கிறது. அது விரலுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை தந்தி மாற்றும்போது அதையும் இறக்குவேன்.